கிண்டியிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?

மெரினா என்றால் கூட்டம், குப்பை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை என்றால் அமைதி, சுத்தம். சென்னையில் பலரும் சொல்வது இதுதான். இந்த அபிப்பிராயத்தில் பாதி, கடலை விடக் கடலுக்குப் போகும் வழியால் உண்டானது என்று தோன்றுகிறது. 1995-ல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில், பின்னர் திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று மெரினாவின் முதுகை ஒட்டியே நீண்டது. பத்து ரூபாய் கையில் இருப்பவரும் அங்கே போய்விடலாம். போகிறார்கள், அதனால் கூட்டம். அதே ரயில் தெற்கே இந்திரா நகர், திருவான்மியூர் என்று போகும்போது பெசன்ட் நகரை விட்டு விலகிவிடுகிறது. அங்கே இறங்கினாலும் எலியட்ஸுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. பைக்கோ காரோ வைத்திருப்பவர்களுக்கு எளிதான கடற்கரை அமைதியாக இருப்பதில் அதிசயம் என்ன?

கிண்டியில் நின்று பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். எலியட்ஸ் ஏறத்தாழ 7 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் கிண்டி தேசியப் பூங்காவும் ஐ.ஐ.டி.யும் பெரிய பரப்பில் கிடப்பதால், குறுக்கே போக வழியில்லை. ஆளுநர் மாளிகை, காந்தி மண்டபம், மத்திய கைலாஷ், அடையாறு என்று சர்தார் படேல் சாலையே கதி. ஞாயிறு மாலையில் அடையாறு சிக்னல் பொறுமையைச் சோதித்துவிடும். மெரினா தூரத்தில் அதிகம், சிரமத்தில் குறைவு. கிண்டியில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம். அங்கிருந்து வாலாஜா சாலையில் நேர்கிழக்காக நடந்தாலோ ஷேர் ஆட்டோ பிடித்தாலோ கடல். புறநகர் ரயிலில் கோட்டை வரை போய்ப் பறக்கும் ரயிலுக்கு மாறுவதும் உண்டு. சுற்றுதான், செலவு குறைவு.

மெரினாவின் வட முனையில் கூவம் ஆறு கடலில் கலக்கிறதே என்பார்கள். எலியட்ஸுக்கு வடக்கே அடையாறு நதி கலக்கிறது. அதுவும் தெளிந்த நீரோடை இல்லை. குளிக்க எலியட்ஸ் பத்திரம் என்பதும் நம்பத் தகுந்ததல்ல. 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காக்கப் போய் மாண்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் வெள்ளை நினைவுச் சின்னம் அந்த மணலிலேயே நிற்கிறது. நியாயமான குறை ஒன்று உண்டு: மெரினாவின் மணல் அகலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய துறைமுகச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. மெரினா வளர்ந்தது, ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. முதியவருக்கும் சக்கர நாற்காலிக்கும் அந்த மணல் ஒரு சுவர். மாநகராட்சி 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. மறுபடி வழிக்கே வருவோம். ரயில் வந்தால் எலியட்ஸும் கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு கேள்வி: ஏழை வராததால் காக்கப்படும் சுத்தத்துக்குப் பெயர் பராமரிப்பா? கூட்டத்துக்கு வேண்டியது குப்பைத் தொட்டியும் கழிப்பறையும் துப்புரவு ஆட்களும்.

எலியட்ஸ்தான் பிடிக்கும் என்றால் நேரத்தை மாற்றலாம். நம் கடலில் சூரியன் உதிக்குமே தவிர மறையாது. ஆனாலும் ஊரே மாலையில்தான் கிளம்புகிறது. விடியும் வேளையில் சர்தார் படேல் சாலை ஏறக்குறையக் காலியாக இருக்கும்.