மலாவியின் மின்சாரம்: ஆறு முதல் அடுப்பு வரை

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் மெலிந்து நீண்டு கிடக்கும் நாடு மலாவி. அதன் கிழக்கு ஓரத்தில் 580 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஏரி. அந்தக் கண்டத்தின் மூன்றாவது பெரிய ஏரி அது. அதன் தென்கோடியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு ஷிரே. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியை இந்த ஓர் ஆறுதான் தருகிறது. ஷிரே தளர்ந்தால் நாடே தளரும். தலைநகர் லிலோங்வேயில் இருக்கும் அமைச்சருக்கும் இது தெரியும், மாவு மில் வாசலில் சோளத்தோடு காத்திருக்கும் பெண்ணுக்கும் தெரியும்.

கிராமங்களுக்கு மின்பாதை எந்த வழியாகப் போக வேண்டும், டிரான்ஸ்பார்மர் எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து வரைந்து கொடுப்பது என் தொழில். அதற்காகத்தான் மலாவியின் பிளான்டயர் நகரில் குடியிருந்தேன். ஆப்பிரிக்காவில் இன்றைக்கும் ஏறத்தாழ 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. இந்தக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் புது அணை, புது சோலார் பூங்கா, புது உயர் அழுத்தப் பாதை என்றே பேச்சு போகிறது. இவையெல்லாம் வேண்டும். ஆனால் மின்சாரம் பிறக்கும் மலைக்காடும், அது போய்ச் சேர வேண்டிய வீட்டு அடுப்பும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. மலாவியில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அங்கே வாழ்ந்துதான் புரிந்துகொண்டேன்.

முதலில் ஆறு. ஏரியை விட்டுக் கிளம்பும் ஷிரே, கொஞ்ச தூரம் சமவெளியில் மெதுவாகப் போகிறது. நடுப்பகுதிக்கு வந்ததும் சுமார் 80 கிலோமீட்டருக்குள் 380 மீட்டருக்கு மேல் பாறைகளினூடே இறங்குகிறது. நீர்மின் நிலையம் கட்ட இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. 1966-ல் என்குலா, 1973-ல் டெட்சானி, 2000-ல் கபிசிரா என்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மேலே ஒரு டர்பைனைச் சுழற்றிய அதே தண்ணீர், கீழே அடுத்த டர்பைனையும் சுழற்றுகிறது. நிலையங்களுக்கெனப் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. ஏரிதான் தேக்கம். 1965-ல் லிவோண்டே என்ற ஊரில் கட்டிய தடுப்பணை, ஏரியிலிருந்து வரும் நீரை முறைப்படுத்துகிறது.

சிக்கலும் இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. எல்லா நிலையங்களும் ஒரே தண்ணீரை நம்பி நிற்பதால், ஏரி வற்றினால் எல்லாம் சேர்ந்தே படுத்துவிடும். 1915 முதல் 1935 வரை ஏரி மட்டம் தாழ்ந்துபோய் ஷிரேவுக்குள் தண்ணீர் வருவதே நின்றிருந்தது. அப்போது மின்நிலையங்கள் இல்லை என்பதால் யாருக்கும் இருட்டு வரவில்லை. 2015-க்குப் பிந்தைய வறட்சியில் ஏரி மீண்டும் தாழ்ந்தது. 2017 கடைசியில் உற்பத்தி ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, வீடுகளும் தொழிற்கூடங்களும் மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

வறட்சி போய் வெள்ளம் வந்தது. 2022 ஜனவரியில் வீசிய ஆனா புயலில் கபிசிரா அணையின் மண் கரை அடித்துக்கொண்டு போனது. நாட்டின் உற்பத்தித் திறனில் ஏறத்தாழ 30 சதவீதம் அந்த ஒரே நிலையத்தில் இருந்தது. அதன் அளவு 129.6 மெகாவாட். ஆற்றில் தண்ணீர் புரண்டு ஓடியது. அதை டர்பைனுக்குத் திருப்பிவிடும் அணைதான் இல்லை. மீண்டும் உற்பத்தி தொடங்க 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

புயலை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் ஷிரேவை ஆண்டு முழுவதும் அரித்துக்கொண்டிருக்கும் இன்னொரு கேடு மனிதர் கையில் இருக்கிறது. பிளான்டயருக்குள் வரும் சாலைகளில் விடிவதற்கு முன்பே சைக்கிள்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஆள் உயரத்துக்குக் கரி மூட்டைகள். மூட்டையின் வாயில் கரி சிந்தாமல் புல்லைத் திணித்துக் கயிற்றால் வலை பின்னியிருப்பார்கள். மேட்டில் ஏற முடியாமல் இரண்டு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். பிரேக் பிடிக்காது. இறக்கத்தில் செருப்புக் காலைச் சக்கரத்தில் அழுத்தியே நிறுத்துவார்கள். இந்தக் கரியில் பெரும்பங்கு நேனோ, ம்வான்சா பக்கத்து மலைக்காடுகளில் எரித்தது. அனுமதியில்லாமல் கரி எரிப்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் நகரத்து வீடுகளில் பெரும்பாலானவை கரியில்தான் சமைக்கின்றன. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நூற்றில் 95 வீடுகளுக்கு மேல் விறகையும் கரியையும்தான் நம்பியிருக்கின்றன.

நேனோவின் மலைச்சரிவுகளில் பெய்யும் மழை எங்கே போகிறது? லிசுங்வி, வாம்குருமாட்சி ஆகிய சிற்றாறுகளின் வழியாக ஷிரேவின் நடுப்பகுதிக்கு வருகிறது. அதாவது மின்நிலையங்கள் வரிசையாக நிற்கும் அதே இடத்துக்கு. மரம் போன சரிவில் மழை விழுந்தால் மண்ணும் கூடவே இறங்கிவிடும். வண்டல் தண்ணீர் எடுக்கும் வாயை அடைக்கிறது, டர்பைன் இறக்கைகளைத் தேய்க்கிறது. மேலே ஆகாயத்தாமரையும் களைகளும் மிதந்து வந்து கம்பித் தடுப்பில் சிக்குகின்றன. நிலையத்தை நிறுத்தித் தூர்வார வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் மின்வெட்டு.

மின்வெட்டு வந்த மாலையில் பிளான்டயர் தெருவில் நடந்தால் மிச்சக் கதையும் தெரிந்துவிடும். வீட்டுக்கு வீடு திண்ணையில் எம்பாவுலா வெளியே வந்திருக்கும். தகரத்திலோ களிமண்ணிலோ செய்த சின்னக் கரி அடுப்பு அது. மின் அடுப்பு வைத்திருக்கும் சம்பளக்கார வீட்டிலும் ஓர் எம்பாவுலா இருக்கும், மூலையில் ஒரு கரி மூட்டையும் இருக்கும். மின்சாரத்தை நம்ப முடியாததால் கரி வாங்குகிறார்கள். கரிக்காகக் காடு அழிகிறது. காடு அழிவதால் ஆறு தூர்ந்துபோகிறது. ஆறு தூர்ந்தால் மின்சாரம் இன்னும் மோசமாகிறது. மலாவியின் மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக முக்கியமான செய்தி இந்தச் சுழல்தான். பொறியியல் அறிக்கைகளில் இதன் துண்டுகள் தனித்தனியே இருக்கின்றன. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

அடுத்தது வீடு. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மின்விளக்கு எரியும் வீடுகள் பத்தில் ஒன்றைத்தான் கொஞ்சம் தாண்டின. கிராமப்புறத்தில் நிலைமை இன்னும் மோசம். மண்ணெண்ணெய் விளக்கு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்தக் கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு பேட்டரி டார்ச்தான் விளக்கு. பழைய டார்ச்சின் எல்இடி பல்புகளைப் பிரித்தெடுத்துக் கூரை வளையில் கட்டி, சுவரோரம் அட்டைக்குழாயில் அடுக்கிய பேட்டரிக் கட்டைகளோடு மெல்லிய ஒயரால் இணைத்திருப்பார்கள். கட்டை மங்கினால் வெயிலில் காயவைத்து இன்னும் ஓரிரவு ஓட்டுவார்கள். தீர்ந்த கட்டைகள் கழிப்பறைக் குழிக்குள் போகும்.

இப்படிப்பட்ட வீடுகள் எல்லாமே மின்கம்பி எட்டாத காட்டுக்குள் இருப்பதாக நினைக்க வேண்டாம். பல வீடுகளின் தலைக்கு மேலேயே கம்பி போகிறது. மலாவியின் கிராம மின்மயத் திட்டம் பெட்ரோல், டீசல் மீது வசூலிக்கும் தீர்வையில் பல ஆண்டுகளாக நடக்கிறது. சந்தை கூடும் இடம், பள்ளி, சுகாதார நிலையம் என்று முதலில் அங்கே கம்பி போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சந்தையைச் சுற்றியுள்ள வீடுகள் அப்படியே நின்றுவிடுகின்றன.

நேனோ மாவட்டத்தில் ஒரு டிரான்ஸ்பார்மருக்கு அருகில் மண்டாசி சுட்டு விற்கும் ஒரு பெண்மணியிடம் இதைக் கேட்டேன். மண்டாசி, கோதுமை மாவில் எண்ணெயில் பொரிக்கும் பலகாரம். அங்கே வயதில் மூத்த பெண்களை ‘அமாயி’ என்று அழைப்பார்கள்.

“அமாயி, கம்பி வந்து எத்தனை வருஷம் ஆச்சு?”

“என் கடைசிப் பையன் கைக்குழந்தையா இருந்தப்ப வந்தது. இப்ப அவன் பள்ளிக்கூடம் போறான்.”

“இணைப்பு வாங்கலையா?”

“வீட்டுக்குள்ள ஒயரிங் பண்ணணும், அதுக்கு ஆளுக்குக் கூலி, அப்புறம் கட்டணம். எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்குறாங்க. எனக்குப் பணம் ஒரே நாள்ல வர்றதில்லையே.”

நான் படித்த நிதி அறிக்கைகள் பல பக்கங்களில் சொல்லியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். கம்பம் நட, கம்பி இழுக்க, டிரான்ஸ்பார்மர் வைக்க அரசு செலவழிக்கிறது. கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரைக்குமான கடைசி முப்பது மீட்டரை ஏழையின் தலையில் கட்டிவிடுகிறது. டிரான்ஸ்பார்மர் பாதி சுமைகூட இல்லாமல் நிற்கிறது. போட்ட முதலும் திரும்பி வருவதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. ‘ரெடி போர்டு’ என்று ஒன்று உண்டு. சிறு பலகையில் ஒரு பிரேக்கர், ஒரு பல்பு ஹோல்டர், ஓரிரு பிளக் பாயிண்ட். சுவரில் மாட்டினால் வீடு முழுக்க ஒயரிங் செய்யாமலே இணைப்பு தரலாம். ஓரிரு அறை வீட்டுக்கு அது போதும். கட்டணத்தை மொத்தமாக வாங்காமல், முன்பணம் கட்டும் மீட்டரில் ஒவ்வொரு முறை மின்சாரம் வாங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே மக்கள் செல்போனில் பணம் கட்டி, வரும் 20 இலக்க எண்ணை மீட்டரில் அழுத்தித்தான் மின்சாரம் பெறுகிறார்கள். சில்லறையாகச் சம்பாதிப்பவருக்குச் சில்லறையாகக் கட்டும் வசதி. 2019-ல் உலக வங்கி 15 கோடி டாலர் ஒதுக்கிய மலாவி மின் இணைப்புத் திட்டமும், கம்பி போயிருக்கும் இடத்தில் இருக்கும் வீடுகளை இணைப்பதையே முதன்மையாக எடுத்துக்கொண்டது. இந்தத் திசை சரி.

கம்பியே போக முடியாத இடத்தில் வேறு வழிகள் உண்டு. முலாஞ்சே மலையடிவாரத்தில் போண்டோ என்ற இடத்தில் மலையோடையிலிருந்து சிறு நீர்மின் நிலையம் வைத்துச் சுற்றுக் கிராமங்களுக்கு மின்சாரம் தருகிறார்கள். ஓடை வற்றாமல் இருக்க வேண்டுமானால் மேலே காடு இருக்க வேண்டும். தன் வீட்டு விளக்கு அந்த மலைக்காட்டில் இருக்கிறது என்பது அந்த ஊர்க்காரருக்குக் கண்ணெதிரே தெரிகிற உண்மை. வீட்டுக்கு வீடு சின்ன சோலார் பலகைகளும் பரவுகின்றன. அவை விளக்கெரிக்கும், போனுக்குச் சார்ஜ் ஏற்றும். சோளம் அரைக்கும் மில்லையோ, மருத்துவமனையின் ஆக்சிஜன் கருவியையோ ஓட்டும் தெம்பு அவற்றுக்கு இல்லை. அதற்குக் கம்பியில் வரும் மின்சாரம் வேண்டும்.

ஷிரேவை மட்டும் நம்பியிருக்கும் நிலையை மாற்றவும் வேலை நடக்கிறது. சலிமாவில் 60 மெகாவாட் சோலார் நிலையம் 2021-ல் வந்தது. மறு ஆண்டு கோலோமோட்டியில் 20 மெகாவாட் சோலாரோடு, மாலையில் கைகொடுக்க 10 மெகாவாட்-மணி சேமிக்கும் பேட்டரியும் வைத்தார்கள். மொசாம்பிக்கின் மதாம்போவிலிருந்து மலாவியின் போம்பேயாவுக்கு 218 கிலோமீட்டரில் 400 கிலோவோல்ட் பாதைக்குத் திட்டம் வந்தது. அது வரை அக்கம்பக்கத்து நாடுகளிடம் வாங்கும் வழியே பெரிதாக இருந்ததில்லை. ஷிரேவிலேயே எம்பதமாங்கா என்ற இடத்தில் 358 மெகாவாட் அளவில் புது நீர்மின் நிலையம் வரவிருக்கிறது. அதற்கு உலக வங்கி 2025-ல் 35 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது. நிலையத்தின் அளவு கபிசிராவைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

எம்பதமாங்கா எழட்டும், மனதார விரும்புகிறேன். ஆனால் அந்த நிலையமும் அதே ஷிரேவில்தான் நிற்கப்போகிறது. நேனோவின் சரிவுகள் மொட்டையாகவே இருந்தால் புது டர்பைனும் அதே வண்டலைத்தான் விழுங்கும். ஆகவே அந்த நிலையத்துக்கு ஆகும் செலவின் ஒரு பங்கு மலைக்காட்டைப் பேணவும், இன்னொரு பங்கு அந்த அமாயியின் சுவருக்கு ரெடி போர்டு கொண்டுசேர்க்கவும், மூன்றாவது பங்கு நகரத்து வீடுகளில் கரிக்குப் பதில் மின்னடுப்பை மலிவாக்கவும் போக வேண்டும். இவற்றை உபகாரம் என்று நினைக்கக் கூடாது. இவைதான் நிலையத்துக்குச் செய்யும் பராமரிப்பு.

2030-க்குள் ஆப்பிரிக்காவில் 30 கோடிப் பேருக்கு மின்சாரம் தருவதாக உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் உறுதி சொல்லியிருக்கின்றன. மலாவியும் அதில் கையெழுத்திட்ட நாடு. அந்த உறுதியை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. எத்தனை கம்பம் நட்டார்கள் என்று எண்ணாமல், பிளான்டயருக்குள் வரும் கரி மூட்டைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனவா என்று எண்ணட்டும். அந்தக் கணக்கு இறங்கினால், ஆறும் வீடும் இரண்டுமே தேறிவருகின்றன என்று அர்த்தம்.