சிறு வணிகர்களுக்கு: இணையத்திலும் உங்கள் பெயர் உங்கள் கையில்

வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில் போன்ற சிட்னியின் மேற்குப் புறநகர்களில் தமிழர் நடத்தும் மளிகைக் கடைகளும் உணவகங்களும் தையலகங்களும் பெரும்பாலும் வாய்மொழிப் பரிந்துரையால் வளர்ந்தவை. அந்த நற்பெயருக்கு இன்றும் மதிப்புண்டு. எனினும் புதிதாகக் குடிவந்த ஒருவர், அயலவரைக் கேட்பதற்கு முன் தமது கைபேசியில் தேடுகிறார். அங்கே உங்கள் கடையின் பெயர் இல்லாவிட்டால், அல்லது திறந்திருக்கும் நேரம் தவறாக இருந்தால், அவர் வேறு கடைக்குச் செல்கிறார். அப்படி ஒருவர் தேடியதே உங்களுக்குத் தெரியவராது.

இதனைச் சீர்செய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. உங்கள் வணிகத்தைப் பற்றிய விபரங்கள் சரியாக இருக்க வேண்டும். அவற்றின் உரிமை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஏனைய யாவும் இவ்விரண்டிற்கும் பின்னரே.

வரைபடத்தில் இடம்பெறுதல்

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தோன்றும் வணிக விபரப் பக்கத்தை எவரும் கட்டணமின்றி உருவாக்கலாம். பெயர், முகவரி, தொலைபேசி எண், தொழில் வகை, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் பதிவுசெய்த பின்னர், நீங்களே அவ்வணிகத்தை நடத்துபவர் என்பதைக் கூகுள் உறுதிப்படுத்திக்கொள்ளும். இதற்குப் பல வேளைகளில் கடையின் முகப்பையும் உட்புறத்தையும் காட்டும் சிறு காணொளி கேட்கப்படும். தைப்பொங்கல், தீபாவளி, பொது விடுமுறை நாள்களில் நேரம் மாறினால் அதனை முன்கூட்டியே பதிவிடுங்கள்.

வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் தமது முகவரியை மறைத்து, சேவை வழங்கும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். வீட்டில் உணவு தயாரித்து விற்க விரும்புவோர், தொழிலைத் தொடங்குமுன் மாநகர சபைக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

தேடல் முடிவுகளில் உள்ளூர்க் கடைகளின் வரிசை பொருத்தம், தூரம், வணிகம் எந்த அளவு அறியப்பட்டுள்ளது ஆகியவற்றைப் பொறுத்து அமைகிறது. கட்டண விளம்பரங்கள் தனியாகக் காட்டப்படும். பணம் செலுத்தி இந்த வரிசையில் முன்னேற முடியாது. ஆகவே, “கூகுளில் உங்களை முதலிடத்திற்குக் கொண்டுவருகிறோம்” என்றோ, “பணம் செலுத்தாவிட்டால் உங்கள் பக்கம் நீக்கப்படும்” என்றோ கூறும் தொலைபேசி அழைப்புகளை நம்ப வேண்டாம்.

பெயரை எழுதும் முறை

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் பலவாறு எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெயர்ப்பலகையில் ஒரு விதமாகவும் முகநூலில் இன்னொரு விதமாகவும் எழுதினால், அவை இரு வேறு கடைகள் என்று வாடிக்கையாளர் எண்ணக்கூடும். ஓர் எழுத்துக்கூட்டலைத் தெரிவுசெய்து எல்லா இடங்களிலும் அதனையே கையாளுங்கள். உணவுப் பெயர்களுக்கு இது பொருந்தாது. தோசை, இட்லி, கொத்து ரொட்டி ஆகியவற்றை மக்கள் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் தேடுவதால், உணவுப்பட்டியலின் விளக்கத்தில் வழக்கிலுள்ள வடிவங்களைச் சேர்ப்பது பயன்தரும்.

உரிமை யாரிடம் உள்ளது?

பல குடும்ப வணிகங்களில் இணையப் பணிகளை உறவினரோ, பகுதிநேர ஊழியரோ, இணையத்தளம் அமைத்துத் தந்தவரோ கவனிக்கின்றனர். பக்கம் அவருடைய மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருந்தால், அவர் விலகும் நாளில் சிக்கல் எழும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாடிக்கையாளர் கருத்துரைகளும் புகைப்படங்களும் இருந்தும், தொலைபேசி எண்ணைக்கூட உங்களால் மாற்ற இயலாது போகலாம். எனவே பக்கத்தின் முதன்மை உரிமையாளராக நீங்கள் இருங்கள். உதவுபவரை முகாமையாளராகச் சேருங்கள். கடவுச்சொல்லை எவருடனும் பகிர வேண்டியதில்லை.

இணையத்தள முகவரிக்கும் இதுவே பொருந்தும். ‘டொட் கொம் டொட் ஏயூ’ என முடியும் முகவரியை அவுஸ்திரேலியத் தொடர்புடையவர்கள் மட்டுமே பெறலாம். உரிமம் 1 முதல் 5 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. பின்னர் புதுப்பிக்க வேண்டும். அது உங்கள் வணிகத்தின் பெயரிலும், 11 இலக்கங்கள் கொண்ட ஏபிஎன் எண்ணிலும் பதிவாகியுள்ளதா என்பதைச் சரிபாருங்கள். வணிகப் பெயரைப் பதிவுசெய்வதால் மட்டும் அதே இணைய முகவரி உங்களுக்குக் கிடைத்துவிடாது. அதனைத் தனியாகப் பெற வேண்டும்.

புதுப்பித்தல் கட்டணம் என்று கூறிப் போலிக் கட்டணப் பற்றுச்சீட்டுகள் அனுப்பப்படுவதுண்டு. பணம் செலுத்துமுன், நீங்கள் பதிவுசெய்த நிறுவனத்தின் பெயருடனும் உங்கள் முகவரியின் எழுத்துகளுடனும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டம் கூறுவது

வாடிக்கையாளரிடம் கருத்துரை கேட்பதில் தவறில்லை. ஆனால் உரிமையாளரோ உறவினரோ வாடிக்கையாளர் போல எழுதுவது, அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி மக்களைத் தவறாக வழிநடத்தும் செயலாகும். குறைகூறும் கருத்துரைக்குச் சுருக்கமாகவும் பணிவாகவும் பதிலளியுங்கள். அப்பதிலை அந்த ஒருவர் மட்டுமன்றி, இனி வரப்போகும் பலரும் வாசிப்பர். விலைகளை வெளியிடும்போது ஜிஎஸ்டி உட்பட மொத்த விலையைக் காட்டுங்கள்.

விற்பனைச் செய்திகளை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்புவதற்கு, 2003ஆம் ஆண்டின் ஸ்பாம் சட்டப்படி பெறுநரின் சம்மதம் தேவை. அனுப்புபவர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். விலகுவதற்கு வழி இருக்க வேண்டும். விலகக் கேட்டவரை 5 வேலைநாள்களுக்குள் நீக்க வேண்டும். வாட்ஸ்அப் போன்ற உடனடிச் செய்திகளுக்கும் இச்சட்டம் பொருந்தும். கோயில் விழாவிலோ குடும்ப நிகழ்விலோ திரட்டிய எண்கள், விற்பனைச் செய்திக்கான சம்மதம் ஆகா.

உதவி பெறுவதற்கு

அவுஸ்திரேலிய அரசின் வணிகத் தகவல் சேவையை 13 28 46 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், முதலில் 131 450 என்ற எண்ணை அழைத்து, “தமிழ்” என்று கூறி, நீங்கள் பேச விரும்பும் சேவையின் எண்ணைத் தெரிவியுங்கள். மோசடி முயற்சிகளை ஸ்காம்வொட்ச் இணையத்தளத்தில் முறையிடலாம்.

இன்றே செய்யத்தக்க ஒன்று உண்டு: உங்கள் கடையின் பெயரைக் கைபேசியில் தேடுங்கள். அங்கே காணும் எண்ணை அழைத்துப் பாருங்கள். பின்னர் அப்பக்கத்தின் உரிமையாளர் யார் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.