ஓடினால் சாது, நின்றால் கொதிப்பு! செஞ்சி நெரிசலில் பழைய கார்கள் படும் பாடு

செஞ்சி-

அமாவாசை வந்தால் போதும், செஞ்சி நான்குமுனை சந்திப்பில் வண்டிகள் ஆமை போல ஊர்கின்றன. மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலில் அன்று நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம். பல ஊர்களில் இருந்தும் பக்தர்கள் திரண்டு வருகிறார்கள். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம். சென்னையில் இருந்து திண்டிவனம் வழியாக வருகிறவர்களுக்குச் செஞ்சிதான் பாதை.

போதாக்குறைக்கு 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. கோட்டையைப் பார்க்க வரும் வண்டிகளும் சேர்ந்துகொள்கின்றன.

இந்தக் கோட்டை 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையைத் தாங்கியது. ஆனால் அதன் அடிவாரத்தில் அரை மணி நேர டிராபிக் முற்றுகையைத் தாங்கமுடியாமல் பழைய அம்பாசிடரும், பியட்டும், ஜீப்பும் ஆவி கக்குகின்றன!

"ஓடினா ஒண்ணும் இல்லேண்ணே. நின்னாத்தான் கொதிக்குது!" - பட்டறைக்கு வரும் டிரைவர்கள் சொல்லும் புகார் இதுதான்.

இந்த ஒரு வரியிலேயே பாதி துப்பு கிடைத்துவிடுகிறது.

குற்றவாளி யார்?

என்ஜினில் எரியும் பெட்ரோலின் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். என்ஜினைச் சுற்றிச் சூடேறிய தண்ணீர் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று பட்டு ஆறுகிறது. மீண்டும் என்ஜினுக்குப் போகிறது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். விசிறி வேலை செய்யாவிட்டாலும் வெளியே தெரியாது. வண்டி நின்றுவிட்டால் எதிர்க்காற்று கிடையாது. விசிறி இழுக்கும் காற்று ஒன்றுதான் கதி.

ஆகவே, ஓடும்போது முள் இறங்கி, நிற்கும்போது ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றை. மாறாக, வேகமாக ஓடும்போதுதான் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு என்று பார்க்கவேண்டும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் எடுத்த எடுப்பில் புது ரேடியேட்டர் வாங்கிப் போட்டுவிட்டு, அடுத்த அமாவாசைக்கும் அதே இடத்தில் ஆவியோடு நிற்கிறவர்கள் உண்டு. பணம் போனதுதான் மிச்சம்.

பழைய பேப்பர் போதும்!

விசிறி காற்றை இழுக்கிறதா என்று பார்க்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். படித்து முடித்த பேப்பரில் ஒரு தாள் போதும்.

என்ஜினை ஓடவிட்டு, வண்டிக்கு முன்புறம் ரேடியேட்டரின் மேல் தாளை வைக்கவேண்டும். நல்ல விசிறி என்றால் தாளை "பச்சக்" என்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தாள் நழுவி விழுந்தால் விசிறி இழுக்கவில்லை. தாளை வெளியே தள்ளினால் மின்சார விசிறியின் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து ஃபேன் பெல்ட். அம்பாசிடர் போன்ற வண்டிகளில் விசிறியையும் தண்ணீர் பம்பையும் சேர்த்துச் சுற்றுவது இந்த ஒரே பெல்ட்தான். என்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் உள்ளே போகவேண்டும். அதற்கு மேல் தொளதொளவென்று போனால் பெல்ட் வழுக்குகிறது. உள்பக்கம் கண்ணாடி போல மினுமினுத்தாலும் பெல்ட்டுக்கு ஆயுள் முடிந்தது என்று பொருள்.

விசிறியைச் சுற்றி ஒரு தகட்டுக் கூடு இருக்கும். "எதுக்கு இது, இடைஞ்சல்" என்று ரிப்பேரின்போது கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கூடு இல்லாவிட்டால் விசிறி வெளிக்காற்றை இழுக்காமல், பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும்.

மின்சார விசிறி உள்ள வண்டிகளில் சூடு ஏறியதும் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பிக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, சூட்டு சுவிட்ச், மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவான்.

வேப்பிலையும் வைக்கோலும்

கோவிலுக்குப் போகிற அவசரத்தில் முன்பக்க கிரில் முழுக்க வேப்பிலைக் கொத்து, மாலை, அதற்கு மேல் ஒரு பேனர்! பக்தி இருக்கவேண்டியதுதான். ஆனால் காற்று நுழைகிற வாசலையே அடைத்துவிட்டால் என்ஜின் என்ன செய்யும்? மாலையை பானெட்டின் மேல் போட்டுக்கொள்ளலாமே!

அறுவடைக் காலத்தில் வேறு தொல்லை. செஞ்சி நெல் விளையும் பூமி. சாலையில் பறக்கும் வைக்கோல் தூசியும் பதரும் ரேடியேட்டர் இடுக்குகளில் அப்பிக்கொள்கின்றன. விசிறிப் பக்கத்தில் இருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சினால் அழுக்கு வந்த வழியே வெளியே போய்விடும். ரொம்ப வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

பழைய காருக்குப் பின்னால் ஏ.சி. பொருத்தியவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஏ.சி.யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து காற்றை மறிக்கிறது. தன் சூட்டையும் அதன்மேல் கொட்டுகிறது. பழைய சின்ன விசிறிக்கு இந்தச் சுமை தாங்காது.

காற்று நிரபராதி என்றால்?

விசிறி, பெல்ட் எல்லாம் சரி. அப்படியும் நின்றால் கொதிக்கிறதா? அடுத்த சந்தேகம் தண்ணீரின் மேல்.

போர் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றி வந்தால் ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்துவிடும், வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற மாதிரி. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றுவதுதான் முறை.

இக்னிஷன் டைமிங் பின்தங்கி இருந்தாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகக் கலந்தாலும் நிற்கும்போது சூடேறும். சூட்டுக்குப் பயந்து தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஒரு பழக்கம். விசிறிக் கோளாறு அதனால் தீராது.

கடைசி சந்தேகம்தான் பெரிய சந்தேகம். என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா? சைலன்சரில் வெள்ளைப் புகை தொடர்ந்து வருகிறதா? ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா? அப்படியானால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

நெரிசலில் நின்ற வண்டி எல்லாம் சூட்டினால் கொதித்து நின்றதும் அல்ல. முள் நடுவில் இருக்க, என்ஜின் மட்டும் இருமி இருமி அணைந்தால், பானெட் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டிருக்கலாம். பானெட்டைத் திறந்து ஆறவிட்டு, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

மூடியைத் தொடாதே!

நடுரோட்டில் ஆவி பறந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகுவது. இதுதான் ஆபத்து!

மூடிக்குள் அழுத்தம் இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி என்றால், உள்ளே தண்ணீர் சுமார் 110 டிகிரி செண்டிகிரேட் வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். அத்தனை தண்ணீரும் பொங்கி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டருக்கு மருந்து உண்டு, போன கண்ணுக்கு மருந்து ஏது?

முள் ஏற ஆரம்பித்த உடனேயே செய்யவேண்டியது இது. ஏ.சி.யை நிறுத்து. கியரை நியூட்ரலில் போடு. ஆக்சிலேட்டரை லேசாக மிதி. விசிறியும் பம்பும் வேகமாகச் சுற்றும். முள் இறங்கினால் தப்பித்தாய்.

ஆவியே வந்துவிட்டால் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தவேண்டும். பெண்கள், குழந்தைகளைப் பத்திரமாக இறக்கவேண்டும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடவேண்டும். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் பிளாக்கோ, ஹெட்டோ விரிசல் விட்டுவிடும். ஆறிய பிறகு, என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம்.

1958ல் வந்த அம்பாசிடர் 2014ல் தயாரிப்பு நின்றுவிட்டது. புதிது இனி வராது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வது சொந்தக்காரர் கையில்தான் இருக்கிறது.

அமாவாசைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு தாள் பேப்பரும் ஒரு கட்டைவிரலும் கொண்டு சோதித்துவிட்டால் போதும். செஞ்சி நெரிசலில் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கவேண்டி இராது. கோவிலுக்குப் போயே கும்பிடலாம்!