ஹேக் மாநாடும் தமிழின் ககரமும்

தமிழில் ககரம் ஒன்றே இருத்தல் குறையா, நிறையா என்பது ஆசிரியர்களிடையே அடிக்கடி எழும் வினா. பிறமொழிச் சொற்களை எழுதப் புகும் மாணவர், 'இந்த ஒலிக்கு எழுத்து இல்லையே' என்று கேட்கும்போது இவ்வினா வகுப்பறைக்கே வந்துவிடுகிறது. இதற்கு விடை காணத் துணைபுரியும் அளவுகோல் ஒன்று, 1928ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் கூடிய முதல் அனைத்துலக மொழிநூல் மாநாட்டில் முன்வைக்கப்பட்டது.

அம்மாநாட்டை நடத்தியோர் சில வினாக்களை முன்கூட்டியே அறிஞர்களுக்கு விடுத்து, விடைகளை வரவழைத்தனர். ஒரு மொழியின் ஒலியமைப்பை முழுமையாக விளக்குதற்கு ஏற்ற முறைகள் யாவை என்பது அவ்வினாக்களுள் ஒன்று. ரோமன் யாக்கோப்சன் அதற்கு விடை வரைந்தார்; ட்ரூபெட்ஸ்கோய், கார்செவ்ஸ்கி ஆகிய இருவரும் உடன் கையொப்பமிட்டனர். ரஷ்ய நாட்டிற் பிறந்த இம்மூவரும் அந்நாளில் முறையே பிராகு, வியன்னா, ஜெனீவா நகரங்களில் வாழ்ந்து வந்தனர்.

அவர்தம் விடையின் சாரம் எளியது. வாயிற் பிறக்கும் ஒலிகளை எல்லாம் அளந்து அட்டவணை இடுதல் போதாது. எந்த ஒலிவேறுபாடு அம்மொழியில் பொருளை வேறுபடுத்துகிறது என்று ஆராய்தல் வேண்டும். பொருளை வேறுபடுத்தும் ஒலியலகே ஒலியன் எனப்படும். இக்கருத்து முன்னரே சிலரிடம் அரும்பியிருந்ததாயினும், அனைத்துலக அவையில் ஓர் ஆய்வுத் திட்டமாக எழுந்தது ஹேக் நகரிலேயாம்.

இந்நாட்டார் நன்கறிந்த மலாய் மொழியைக் கொண்டே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். 'காலி' என்னும் சொல்லின் முதலொலியைக் குரல்நாண் அதிராமல் வல்லோசையாகச் சொன்னால் மலாயில் 'தடவை' என்று பொருள். குரல்நாண் அதிர மெல்லச் சொன்னால் 'தோண்டு' என்று பொருள். ஒலி மாறப் பொருளும் மாறுகிறது. ஆகவே மலாயில் அவை இரண்டு ஒலியன்கள்.

தமிழின் நிலை வேறு. 'கல்' என்பதில் சொன்முதற் ககரம் வல்லோசை உடையது. 'பக்கம்' என்பதில் இரட்டித்தும் வல்லோசையே. 'தங்கம்' என்பதில் மெல்லெழுத்தை அடுத்து அதிர்வொலியாகிறது. 'பகல்' என்பதில் உயிர்களுக்கிடையே நெகிழ்ந்து ஒலிக்கிறது. ஒலி பலவாயினும், எது எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்கிறது. ஓரிடத்து ஒலியை மற்றோரிடத்தில் மாற்றிச் சொன்னால் கேட்போர்க்குச் செவியில் உறுத்துமேயன்றி, வேறு சொல் பிறவாது. எனவே ஒலியன் ஒன்று. அதற்கு எழுத்தும் ஒன்று போதும்.

தமிழின் வல்லொலிகள் இவ்வாறு இடம் நோக்கி மாறுதலைக் கால்டுவெல் 1856ஆம் ஆண்டிலேயே தம் ஒப்பிலக்கணத்தில் விளக்கியுள்ளார். 1938இல் மறைந்த ட்ரூபெட்ஸ்கோயின் ஒலியனியல் நூல் மறு ஆண்டில் வெளிவந்தபோது, அதிலும் தமிழ் வல்லொலிகள் சான்றாக இடம்பெற்றன. தொல்காப்பியம் முதலெழுத்துகளை முப்பதாகக் கொண்டு, வல்லெழுத்து ஒவ்வொன்றையும் ஒன்றாகவே எண்ணியது இவ்வளவுகோலோடு பொருந்தி நிற்றல் கருதத்தக்கது.

ஊர்ப்பெயர்களிலும் இவ்விதி தொழிற்படுகிறது. 'சிங்கப்பூர்' என்பதில் பகரம் இரட்டித்து நிற்பதால் வல்லோசை நிலைக்கிறது; ஒற்றைப் பகரமாயின் உயிர்களுக்கிடையே அது நெகிழ்ந்துவிடும். 'கோலாலம்பூர்' என்பதிலோ மலாய் மக்கள் பகரத்தை வல்லோசையாகவே சொல்வர். தமிழர் நாவில் அது மகரத்தை அடுத்து அதிர்வொலியாகிறது. அங்கு இரட்டிக்கவும் தமிழ் இடந்தருவதில்லை. அவ்வாறு ஒலிக்கும் மாணவனைப் பிழைபட்டவன் என்று கடிதல் பொருந்தாது. தமிழ் விதியைப் பிழையின்றிப் பின்பற்றியவன் அவன்.

எனினும், அளவுகோல் என்பது இருபுறமும் அளக்கும். 'பந்து' என்று வல்லோசையிற் சொன்னால் ஆடும் பந்து. அதிர்வொலியோடு சொன்னால் வடமொழிவழி வந்த உறவினன் என்னும் பொருள். 'பாவம்' என்பதும் அவ்வாறே தீவினையையும் மெய்ப்பாட்டையும் குறிக்கிறது. இவ்விணைகளை ஒலியால் வேறுபடுத்துவோர் பேச்சில், சொன்முதற் பகரம் இரண்டாகப் பிரியத் தொடங்கிவிட்டது என்றே கொள்ளவேண்டும். தமிழ் எழுத்து நிறைவுடையது என்று காட்ட ஒலியன் கொள்கையைத் துணைக்கழைப்போர், கடன்சொற்கள் கொணரும் இம்மாற்றத்தையும் அதே கொள்கையால் அளக்கக் கடமைப்பட்டவராவர்.

அதனால் உடனே புதிய எழுத்துகளைப் படைத்தல் வேண்டும் என்பதில்லை. ஒலியனை எண்ணுதல் மொழிநூலின் பணி. எழுத்தை மாற்றுவதோ மாற்றாதிருப்பதோ மொழியை வழங்கும் மக்கள் மரபும் பயனும் நோக்கி முடிவு செய்ய வேண்டியது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதாலேயே எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய வாதங்கள் பல சிக்கலாகின்றன.

ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 'கல், பக்கம், தங்கம், பகல்' என்னும் நான்கு சொற்களையும் மாணவரை உரக்கச் சொல்லச் செய்து, ஒலிமாற்றத்தை அவர்தம் செவியே உணருமாறு செய்தல் வேண்டும். விதியை உணர்ந்த மாணவன், தன் மொழியின் எழுத்துக்குறைவை எண்ணி நாணமாட்டான். பிறமொழி ஒலிகளையும் தெளிவாகப் பிரித்தறிந்து கற்பான்.