வினாக்குறியாய்த் தோன்றும் பெயர்கள்

தொழில் நிமித்தமாக டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவருள் பலர், ஊரிலுள்ள பத்திரங்களையும் பழைய புகைப்படங்களையும் கணிப்பொறியிற் சேர்த்து, அவற்றிற்குத் தமிழிலேயே பெயரிட்டு வைத்திருக்கின்றனர். ‘அம்மா’ என்று ஒரு கோப்புறை. ‘அப்பா’ என்று மற்றொன்று. லினக்ஸ் கணிப்பொறியின் கட்டளைத் திரையில் எல், எஸ் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களைத் தட்டிப் பட்டியல் கேட்டால், சிற்சில வேளைகளில் அப்பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் வினாக்குறிகளே வரிசையாக நிற்கின்றன. கோப்புறை கெட்டுவிட்டது என்று கருதி, அதனை அழித்துவிட முற்படுவோரும் உண்டு. அவ்வாறு செய்வது பெருந்தவறாகும்.

இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் ஒரு கோப்பின் பெயர் என்பது பைட்டுகளின் வரிசையே அன்றி வேறன்று. சாய்கோடும், மதிப்பு பூஜ்யமான பைட்டும் நீங்கலாக எதுவும் அதில் இடம்பெறலாம். இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். ‘அம்மா’ என்னும் சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என 5 குறியீடுகள் உள்ளன. ஆக 15 பைட்டுகள். கணிப்பொறியின் மொழியமைப்பு ‘சி’ என்று இருக்குமாயின், அது அடிப்படை ஆங்கில எழுத்துக்களை மட்டுமே அறியும். அறியாத பைட் ஒவ்வொன்றிற்கும் ஒரு வினாக்குறி இடுகிறது. பெயர் கெடவில்லை, அதனைப் படிக்கும் முறைதான் பொருந்தவில்லை.

இனி, ஆபத்து எங்கே உளது என்பதைக் கவனியுங்கள். கட்டளை மொழியில் வினாக்குறிக்கு ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்று பொருள். ‘சி’ அமைப்பில் அது ஏதேனும் ஒரு பைட்டைக் குறிக்கும். திரையிற் கண்டவாறே 15 வினாக்குறிகளைத் தட்டி அழிக்கும்படி பணித்தால், 15 பைட்டுகள் கொண்ட பெயர் அனைத்தும் அதற்கு உட்படும். ‘அப்பா’வும் 15 பைட்டுகளே. ஒன்றை நீக்கப் புகுந்தவர் இரண்டையும் இழப்பார். இவ்வாறு அழிந்தவை குப்பைத்தொட்டியிலும் தங்குவதில்லை.

ஆகவே செய்யத்தக்கது யாது? முதலாவதாக, ‘லொகேல்’ என்னும் கட்டளையால் மொழியமைப்பை அறிந்து, அதனை யூடிஎஃப்-8 வகைக்கு மாற்றுக. பெரும்பாலும் தமிழ்ப்பெயர் அப்போதே தெளிவாகத் தோன்றும். தோன்றாவிடில், எல்எஸ் என்பதன்பின் ஓர் இடம் விட்டு, சிறுகோடும் ‘பி’ என்னும் சிற்றெழுத்தும் சேர்க்க. வினாக்குறிகளுக்குப் பதிலாக எண்கள் வரும். 340, அடுத்து 256 அல்லது 257 என்று மும்மூன்றாக அவை திரும்பத் திரும்ப வருமாயின், அது தமிழ்ப்பெயர் என்று துணியலாம். குனூ கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், திரையில் இத்தகைய எண்கள் தாமாகவே தோன்றுகின்றன.

பெயரைத் தட்டவே இயலாதபோது, சிறுகோட்டுடன் ‘ஐ’ எழுத்தைச் சேர்த்தால் கோப்பு ஒவ்வொன்றின் ஐநோடு எண் கிடைக்கும். ஒரே வட்டுப்பகுதியில் ஓர் எண் இரு வேறு கோப்புகளுக்கு வாராது. ‘ஃபைண்ட்’ கட்டளையிடம் அந்த எண்ணைக் கூறி, உரிய கோப்பை மட்டும் தேடியெடுத்து, எளிய பெயர் சூட்டிவிடலாம்.

நேயர்களே, பெற்றோரின் படமும் காணிப் பத்திரமும் அந்த வினாக்குறிகளுக்குப் பின்னே பழுதின்றி இருக்கக்கூடும். பெயரைப் படித்தறிந்த பின்னரே எதனையும் நீக்கத் துணியுங்கள்.