ஆன்லைன் வகுப்பு பள்ளிக்கூடத்திற்கு மாற்றாகுமா?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பிராட்பேண்ட் இணைப்பும் வந்துவிட்டது. அடுத்து பல வீடுகளில் எழும் கேள்வி, "இனி பிள்ளையின் படிப்பை இதிலேயே பார்த்துக் கொள்ளலாமா?" என்பதுதான். டியூஷனை நிறுத்திவிட்டு ஆன்லைன் வகுப்பில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பள்ளிக்கே அனுப்பாமல் முழுக்க ஆன்லைனில் படிக்க வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. இதில் பணம் மட்டுமல்ல, பிள்ளையின் ஓரிரு ஆண்டுப் படிப்பும் அடங்கியிருக்கிறது. எனவே விளம்பரங்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, இந்த வகுப்புகள் எப்படி இயங்குகின்றன, இதுவரை கிடைத்த அனுபவங்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

இரண்டு வகை வகுப்புகள்

ஆன்லைன் வகுப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முன்பே பதிவு செய்து வைத்த ரெக்கார்டட் வீடியோ. யூடியூபில் நீங்கள் பார்க்கும் பாடங்கள் இவ்வகை. மற்றொன்று, ஆசிரியர் அங்கே பேசப் பேச இங்கே கேட்கும் லைவ் வகுப்பு. ஜூம், கூகுள் மீட் போன்ற புரோகிராம்களில் நடப்பவை இவ்வகை.

இரண்டும் ஒரே திரையில் தெரிந்தாலும் உள்ளே வேலை செய்யும் விதம் வேறு. ரெக்கார்டட் வீடியோவில் நீங்கள் முதல் நிமிடத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும்போதே அடுத்த பகுதி உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்துவிடும். இதற்கு பஃபரிங் என்று பெயர். நடுவில் இணைப்பு சில நொடிகள் தடைப்பட்டாலும் படம் ஓடிக் கொண்டிருக்கும். லைவ் வகுப்பில் ஆசிரியர் இன்னும் பேசாத சொல்லை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. எனவே இணைப்பு ஒரு நொடி தடுமாறினாலும் குரல் உடைகிறது, படம் உறைகிறது. உங்கள் வீட்டு இன்டர்நெட்டில் யூடியூப் நன்றாக ஓடியும் லைவ் வகுப்பு மட்டும் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

லைவ் வகுப்பில் எது குறைகிறது?

லைவ் வகுப்பு பள்ளி வகுப்பைப் போலவேதானே இருக்கிறது என்று தோன்றும். ஆசிரியர் பேசுவது மாணவருக்கு நன்றாகவே வந்து சேர்கிறது. மாணவரிடமிருந்து ஆசிரியருக்குப் போக வேண்டியதுதான் சரியாகப் போவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆசிரியரின் லேப்டாப் திரை 1366க்கு 768 பிக்ஸல் என்று வைத்துக் கொள்வோம். வகுப்பில் 40 மாணவர்கள். அனைவரையும் ஒரே நேரத்தில் காட்ட ஒரு வரிசைக்கு 7 கட்டம், 6 வரிசை தேவை. ஒரு மாணவருக்குக் கிடைப்பது சுமார் 195க்கு 128 பிக்ஸல். ஒரு தபால் தலை அளவுதான். இணைப்பின் சுமையைக் குறைக்க இந்தச் சிறு படங்களின் தரத்தையும் சாப்ட்வேர் குறைத்துவிடும். புரியாமல் நெற்றி சுருங்குவதையோ, நோட்டில் எழுதாமல் பேனாவை உருட்டிக் கொண்டிருப்பதையோ இதில் காண முடியாது. பல மாணவர்கள் கேமராவை அணைத்தே வைத்திருப்பார்கள். அப்போது பெயர் மட்டும்தான் தெரியும்.

அடுத்தது குரல். ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழச் சற்றுத் தாமதமாகும். இந்தத் தாமதம் கால் நொடியைத் தாண்டினால் இருவர் பேச்சு ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். "சொல்லுங்கள்", "இல்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்று இருவரும் நின்றுவிடுவார்கள். சாப்ட்வேர் நிறுவனத்தில் தினமும் இத்தகைய மீட்டிங்குகளில் உட்காருபவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரியவர்களே இதில் கேள்வி கேட்கத் தயங்குகிறோம். மைக்கை ஆன் செய்து, 40 பேர் கேட்க, "சார், புரியவில்லை" என்று சொல்ல ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

முழுக்க ஆன்லைனில் படித்தவர்கள்

அமெரிக்காவில் பல மாநிலங்களில் பள்ளிக் கட்டடத்திற்கே போகாமல் கம்ப்யூட்டர் மூலம் மட்டும் படிக்கும் பள்ளிகள் உள்ளன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கிரிடோ ஆய்வு மையம் 2015ல் இவற்றை ஆராய்ந்தது. இதே போன்ற மாணவர்கள் சாதாரணப் பள்ளிகளில் படித்தால் என்ன நிலையில் இருப்பார்களோ அதனுடன் ஒப்பிட்டது. ஆன்லைன் பள்ளி மாணவர்கள் சராசரியாக ஆண்டுக்கு வாசிப்பில் 72 நாள் பாடத்தையும், கணிதத்தில் 180 நாள் பாடத்தையும் இழந்திருந்தார்கள். ஒரு கல்வியாண்டே 180 நாள்தான். அதாவது கணிதத்தைப் பொறுத்தவரை ஓராண்டு பள்ளிக்கே போகாததற்குச் சமம்.

அதே ஆண்டில் மேதமேட்டிக்கா என்ற ஆய்வு நிறுவனம் இதே பள்ளிகள் நடக்கும் விதத்தைப் பார்த்தது. சாதாரணப் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஒரே நாளில் கிடைக்கும் நேரடி ஆசிரியர் நேரம், ஆன்லைன் பள்ளியில் ஒரு வாரம் முழுவதும் சேர்த்தாலும் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் இருந்தது, பாடங்களும் இருந்தன. உடன் இருந்து கவனிக்கும் ஆள்தான் இல்லை.

தமிழ்நாட்டில் நடந்தது

நம் மாநிலத்தில் கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. 2019ல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியும், மொபைல் வழி வகுப்புகளும் இடைப்பட்ட காலத்தில் பாடம் நடத்தின.

பொருளாதார அறிஞர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2019ல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளை விட, 2021 டிசம்பரில் இருந்த குழந்தைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணிதத்தில் பின்னடைவு மொழிப் பாடத்தைப் போல் இரு மடங்கு. ஆனால் பள்ளிகள் திறந்த ஆறு மாதத்திற்குள் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அந்த முன்னேற்றத்தில் சுமார் கால் பங்கு, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் நடத்திய மாலை வகுப்புகளால் கிடைத்தது. அந்த வகுப்புகளில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், பத்திருபது பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்துக் கொண்டு சொல்லிக் கொடுத்தார்.

இதை ஆன்லைன் கல்வியின் தோல்வி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தக் கிராமங்களில் பல வீடுகளில் கம்ப்யூட்டரே கிடையாது. ஆனால் கருவி இருந்த அமெரிக்க வீடுகளிலும் முடிவு நன்றாக இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆன்லைன் எங்கே ஜெயிக்கிறது?

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ல் தொடங்கிய திட்டம் என்.பி.டி.இ.எல். இன்ஜினியரிங் பாடங்களை நாட்டின் சிறந்த பேராசிரியர்கள் நடத்தும் வீடியோக்கள் இதில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் கல்லூரியில் படித்தபோது விடுதி அறையில் நான்கு பேர் ஒரு லேப்டாப் முன் உட்கார்ந்து இவற்றைப் பார்ப்போம். புரியாத இடத்தில் நிறுத்தி, எங்களுக்குள் வாதம் செய்து, திரும்ப ஓட்டுவோம். எந்தப் பேராசிரியரையும் ஒரே வரியை ஐந்து முறை சொல்லச் சொல்ல முடியாது. வீடியோவிடம் சொல்லலாம். இது வகுப்பறையில் கிடைக்காத வசதி.

ஆனால் தனியாக விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2012ல் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் ஒன்றை உலகம் முழுவதற்கும் இலவசமாக ஆன்லைனில் நடத்தியது. பெயர் பதிந்தவர்கள் சுமார் 1,55,000 பேர். முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. அதில் முழு மதிப்பெண் பெற்றவர்களில் ஒருவர் மங்கோலியாவின் 15 வயதுப் பள்ளி மாணவர். இன்டர்நெட் இருந்தால் போதும் என்பதற்கு அவரை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அவருடைய பள்ளி முதல்வர் எம்.ஐ.டி.யில் படித்தவர். அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் சோதனைக் கருவிகளோடு வந்து அந்தப் பள்ளியில் வகுப்பும் நடத்தினார். பாடம் ஆன்லைனில் வந்தது. கைப்பிடித்து அழைத்துச் சென்றவர்கள் நேரில் இருந்தார்கள்.

சென்னை ஐ.ஐ.டி. 2020ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பிலும் இதைக் காணலாம். பாடம் வீட்டிலிருந்து படிக்கலாம். ஆனால் வாராவாரம் அசைன்மென்ட் தர வேண்டும். முக்கியத் தேர்வுகளை மையத்திற்கு நேரில் வந்து எழுத வேண்டும். என்.பி.டி.இ.எல். சான்றிதழுக்கும் இப்படித்தான். வகுப்பறையின் கெடுவையும் தேர்வு அறையையும் இவை கைவிடவில்லை.

சிறு பிள்ளைகளுக்கு இதற்கும் மேல் தேவை. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951ல் ரேடியோ வழியாகத் தொடங்கி, இன்று இன்டர்நெட்டில் நடக்கும் பள்ளி ஒன்று உள்ளது. அதன் மாணவர்கள் சுமார் 13 லட்சம் சதுர கி.மீ. பரப்பில், அதாவது தமிழ்நாட்டைப் போல் பத்து மடங்கு நிலத்தில், சிதறி வாழ்கிறார்கள். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவோ வேறு ஒரு பெரியவரோ பாட நேரத்தில் பிள்ளையுடன் இருந்து சொல்லிக் கொடுப்பது கட்டாயம். ஆசிரியர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். ஆண்டில் சில முறை பிள்ளைகள் எல்லாரும் நகருக்கு வந்து ஒன்றாகப் படிக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

1. கம்ப்யூட்டரை ஹாலில், மானிட்டர் உங்கள் பார்வையில் படும்படி வைக்கவும். கதவு மூடிய அறை வேண்டாம்.

2. பிள்ளைக்குத் தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கவும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று அக்கவுண்ட்ஸ் பிரிவில் இதனை அமைக்கலாம். அந்த அக்கவுண்டில் கேம்ஸ் வேண்டாம். பாட நேரத்தில் சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் பிரிவில் டு நாட் டிஸ்டர்ப் என்பதை ஆன் செய்திடவும்.

3. லைவ் வகுப்புக்கு மைக் உள்ள ஹெட்போன் வாங்கவும். ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து எதிரொலிக்காது. முடிந்தால் மோடத்திலிருந்து நேராகக் கேபிள் இணைக்கவும். வைஃபை தடுமாற்றம் குறையும்.

4. மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள் கணக்கு வைத்துக் கொள்ளவும். நொடிக்கு 600 கிலோபிட் வேகத்தில் ஓடும் வீடியோ 40 நிமிடத்தில் சுமார் 180 எம்.பி. எடுக்கும். நாளுக்கு நான்கு வகுப்பு என்றால் 720 எம்.பி.

5. ரெக்கார்டட் பாடத்தைப் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை நிறுத்தவும். பார்த்ததைப் பிள்ளை தன் சொல்லில் உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திணறும் இடம் உங்களுக்கே தெரியும். கணக்கு என்றால், திரையை அணைத்துவிட்டு நோட்டில் ஒன்று போட்டுப் பார்க்கட்டும்.

6. வேகமாகப் பேசும் ஆசிரியர் என்றால், யூடியூபில் பல்சக்கரம் போன்ற ஐகானில் கிளிக் செய்து வேகத்தை 0.75 என அமைத்திடவும்.

7. புரியாத இடம் வந்தால், வீடியோவின் பெயரையும் அது எத்தனையாவது நிமிடம் என்பதையும் ஒரு சிறு நோட்டில் எழுதச் சொல்லவும். மறுநாள் பள்ளியில் ஆசிரியரிடம் அந்த நோட்டைக் காட்டிக் கேட்கட்டும்.

அப்படியானால் மாற்றாகுமா? தானே நேரம் ஒதுக்கிப் படிக்கத் தெரிந்த கல்லூரி மாணவருக்கும், வேலைக்குப் போய்க் கொண்டே படிப்பவருக்கும், வாராந்திரக் கெடுவும் நேரடித் தேர்வும் உள்ள ஆன்லைன் படிப்பு வகுப்பறைக்கு ஈடாக நிற்கும். நல்ல ஆசிரியர் கிடைக்காத ஊரில் அதைவிட மேலாகவும் இருக்கலாம். பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டுவிட்டு இதை நம்ப வேண்டாம். எழுதப் படிக்கக் கற்கும் சிறு வகுப்புகளுக்கு நிச்சயமாக வேண்டாம். பள்ளி முடிந்து வந்த பிறகு, நீங்கள் பக்கத்தில் உட்காரும் அரை மணி நேரத்திற்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள். அந்த அரை மணி நேரத்தை உங்களால் தர முடியாது என்றால், டியூஷன் ஆசிரியரை இப்போதைக்கு நிறுத்திவிட வேண்டாம்.