ஐஸுக்கு வழிவிட்ட கசிப்பு

வன்னியில் போதைப்பொருள் என்று பேச்செடுத்தால் எல்லோரும் ஐஸில்தான் (மெத்தம்பெட்டமின்) வந்து நிற்கிறார்கள். பாடசாலை வாசலில் விற்கும் மாத்திரை, ஹெரோயின், கடலால் வரும் கஞ்சாப் பொதி என்று கதை நீளும். பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி, முல்லைத்தீவு வீதியால் முரசுமோட்டை, ஊரியான், தருமபுரம் என்று போய், வீட்டுப் பெண்களிடம் கேட்டால் வருகிற முதற்சொல் வேறு. கசிப்பு, களவாகக் காய்ச்சுகிற சாராயம். “நேற்றும் வெறி” என்று ஒருத்தி சொன்னால் பக்கத்து வீட்டுக்காரிக்கு மிச்சம் விளங்கிவிடும். எதைக் குடித்தார், எங்கே வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் இறந்தவர்கள் 26 இலட்சம் பேர். ஏனைய போதைப்பொருட்கள் எல்லாம் சேர்ந்து பறித்த உயிர்கள் 6 இலட்சம். ஐஸ் கொடியது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அது நம் ஊருக்குள் இவ்வளவு சுலபமாக நுழைந்தது எப்படி என்று கேட்டுப் பார்த்தால், அதற்கு முன்பே வழியைத் துப்புரவாக்கி வைத்திருந்தது கசிப்புத்தான் என்று தெரியும்.

முரசுமோட்டை வயற்காணி ஊர். மழை பெய்தால் காலபோகம், இரணைமடுக் குளத்தில் தண்ணீர் மிஞ்சினால் சிறுபோகம். 2018 மார்கழி வெள்ளத்தில் இந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. காணி உள்ளவர்கள் கடன்பட்டாவது மறுபடி விதைத்தார்கள். காணியில்லாத கூலிக்காரருக்கு அந்த வழியும் இல்லை. முன்பு அருவி வெட்டுக்கும் சூடடிப்புக்கும் ஊரே வயலில் நிற்கும். இப்போது வெட்டு மெசின் வந்து பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டுப் போய்விடுகிறது. பிறகு மேசன் வேலை, மண் ஏற்றுவது, மரம் தறிப்பது என்று அன்றன்றாடு கிடைக்கிற வேலைதான். கிடைக்கிற காசும் அன்றன்றைக்கே கைக்கு வரும். பின்னேரம் காசோடு வருகிற மனிதனை வழியில் மறித்து நிற்கிறது கசிப்பு.

2022 நெருக்கடிக்குப் பிறகு வரி ஏற ஏற, கடையில் ஒரு போத்தல் சாராயம் 3,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. கூலிக்காரன் அதற்கு எங்கே போவான்? கசிப்பு அரைப் போத்தலாகவும் கிடைக்கும், பொலித்தீன் பக்கற்றிலும் கிடைக்கும். முக்கியமாக, கடனுக்குக் கிடைக்கும். “சம்பளம் வந்ததும் தாறன்” என்று சாராயக் கடையில் சொல்லிப் பார்க்க முடியாது.

காய்ச்சுகிற இடத்தைப் பார்த்தவர்கள் பிறகு குடிக்கமாட்டார்கள் என்பார்கள். கல்மடுக் காட்டோரமோ, ஆற்றங்கரைப் பற்றையோ, பாழடைந்த வளவோ, தண்ணீரும் விறகும் மறைவும் இருந்தால் சரி. சீனியும் ஈஸ்டும் கரைத்த தண்ணீரைப் பரலில் ஊற்றி, மண்ணுக்குள் தாட்டு, மேலே சருகு மூடிவிடுவார்கள். இதுதான் கோடா. நாட்கள் செல்ல அது நுரைத்துப் புளித்து நாறும். பூச்சி விழுந்தால் வழித்தெறிந்துவிட்டுக் காய்ச்சுவார்கள். அடுப்பிலிருந்து எழும் ஆவி குழாய் வழியே குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். அதில் மதுசாரம் எத்தனை வீதம் என்று காய்ச்சுகிறவருக்கும் தெரியாது, குடிக்கிறவருக்கும் தெரியாது. ஈரல் கெட்டு வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்கு வரும்போது, பெரும்பாலும் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருப்பார்கள்.

வீட்டுக் கணக்கு வேறு வழியாக ஓடுகிறது. கணவனின் சம்பளம் வீடு வராததால் மனைவி கடன் எடுக்கிறாள். குழுக்கடன், நுண்கடன், கிழமைத் தவணை. லோன்காரர் வருகிற நாளில் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பெண்களை இந்த ஊர்களில் யாரும் புதுமையாகப் பார்ப்பதில்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட 1 இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு திட்டம் கொண்டுவந்தது. அன்று கடனுக்கு வறட்சி ஒரு காரணம் என்று எழுதினார்கள். எத்தனை வீட்டில் அந்தக் கடன் குடித்த சம்பளத்தை ஈடுகட்ட வாங்கிய கடன் என்று யாரும் எழுதவில்லை.

விற்கிறவர்கள் யார்? இங்கேதான் எனக்கு வசை பாட வாய் வருவதில்லை. போரில் கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், கையில் தொழில் இல்லாதவர் எனப் பெண்களும் விற்கிறார்கள். பிடிபட்டால் நீதிமன்றம், தண்டப்பணம். அந்தக் காசை அவள் எங்கே உழைப்பாள்? மறுபடி காய்ச்சுகிறவரிடமே போய் இன்னும் இரண்டு கான் எடுத்து விற்றுத்தான் கட்டுகிறாள். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது, குற்றம்தான். ஆனால் தண்டப்பணம் அவளை அந்தத் தொழிலிலிருந்து பிரிக்கவில்லை. இன்னும் இறுக்கிக் கட்டிவிடுகிறது.

சமூகத்தைத் திட்டமிட்டுக் கெடுக்கவே போதையை இறக்குகிறார்கள் என்று நம்புகிறவர்கள் இங்கே பலர். போர் விட்டுப்போன மனவடுவே மூலம் என்று மனநலத் துறையினர் சொல்வார்கள். இரண்டையும் நான் தள்ளவில்லை.

ஆனால் என் பயம் எல்லாம் பிள்ளைகளைப் பற்றியது. குடிக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளைகளை. 2006இன் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவையோ சிகரெட்டையோ விற்கக் கூடாது. இந்த ஊர்களில் தகப்பன் எழும்ப ஏலாமல் கிடந்தால் மகன்தான் சைக்கிளை எடுக்கிறான். பத்துப் பன்னிரண்டு வயது. எந்த வீட்டுப் பின்வேலியால் போக வேண்டும், நாய் குரைத்தால் எப்படிக் கூப்பிட வேண்டும், பொலிஸ் ஜீப் எந்தச் சந்தியில் நிற்கும், காசை எங்கே சுருட்டி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. முதலில் தகப்பனுக்கு மட்டும். பிறகு பக்கத்து வீட்டு மாமாவுக்கு. அவர் மிச்சக் காசை “வைச்சிரு தம்பி” என்பார். அந்த இருபது, ஐம்பது ரூபாயில்தான் அவனுடைய முதல் சம்பளம் தொடங்குகிறது.

இப்போது ஐஸ் விற்கிறவன் ஊருக்கு வருகிறான் என்று வையுங்கள். வடமராட்சி கிழக்கிலிருந்து சுண்டிக்குளம், முல்லைத்தீவு வரை நீண்ட கரை அருகில் இருக்கிறது. கேரள கஞ்சா என்ற பேரோடு அக்கரையிலிருந்து பொதி பொதியாக வருவதும் இந்தக் கடலால்தான். அதில் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா மலைகளில் விளைந்தது. ஹெரோயினும் ஐஸும் அரபிக்கடல் தாண்டி ஆழ்கடல் படகுகளில் தெற்குக் கரைக்கும் வந்து, தரைவழியாக எங்கும் பரவுகின்றன. இத்தனை தூரம் கடந்து வந்த சாமானுக்கு ஊருக்குள் வேண்டியது ஒன்றுதான்: பாதை தெரிந்த, சந்தேகம் வராத, வாய் திறக்காத ஒரு பெடியன். அவனை நாம் ஏற்கெனவே கசிப்பில் பழக்கி வைத்திருக்கிறோம். 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை வரை போகலாம் என்கிறது. 1976க்குப் பிறகு நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை என்பது வேறு கதை. அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு கிராம் கணக்கும் தெரியாது, பக்கற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. 2023 மார்கழியில் தொடங்கிய ‘யுக்திய’ பொலிஸ் நடவடிக்கையில் நாடு முழுக்க ஆட்களைப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களின் இடத்துக்கு அடுத்து யார் வருவார்கள் என்று ஊர் யோசிக்கவில்லை.

தகப்பன் குடியை விட்டால் பிள்ளையின் சைக்கிளும் நின்றுவிடும். விடுவது எப்படி என்பதில்தான் ஊர் பிழைவிடுகிறது. கோயிலில் சத்தியம் பண்ணிவிட்டு, நாகதம்பிரான் பொங்கலுக்கு நேர்ந்துவிட்டு, ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். வருடக்கணக்காக நாள் தவறாமல் குடித்த உடம்பு சும்மா விடாது. முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நான்காம் நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது, ஆரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றுவார்கள். வீட்டார் பேய் என்று நினைத்துப் பூசாரியைக் கூப்பிடுவார்கள், அல்லது ஆள் அடங்கட்டும் என்று மறுபடி ஒரு பக்கற் வாங்கிக் கொடுப்பார்கள். அதை வாங்கிவரப் போவதும் அந்தப் பிள்ளைதான். இந்த நிலையில் உயிரும் போகலாம். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மருந்தோடு சில நாட்களில் கடந்துவிடலாம், இலவசம். ஐஸை விடவைக்க இப்படி நம்பிக் கொடுக்கக்கூடிய மாத்திரை இன்னும் உலகில் இல்லை. குடியை விடவைக்க இருக்கிறது. இருக்கிற மருந்தை ஒலிபெருக்கி கட்டிச் சொல்லக்கூட ஊரில் ஆளில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

சைக்கிள் எடுக்கிற அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 2016 முதல் 16 வயது வரை பாடசாலை கட்டாயம். எந்தப் பிள்ளை எந்தக் கிழமையில் வரவில்லை என்பது வகுப்பாசிரியரின் வரவுப் பதிவேட்டில் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு திங்கட்கிழமை வராத பிள்ளையின் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமையே ஆள் போக வேண்டும். பொலிஸ் போனால் தாய் பொய்தான் சொல்லுவாள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பெண்கள் இருவர் போகட்டும். தகப்பனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிற நாளையும் பஸ் காசையும் அங்கேயே பேசி முடித்துவிட்டு வரட்டும். விற்கிறவளின் வீட்டுக்கும் அதே பெண்களே போய், அவளுக்கு ஒரு கோழிக்கூடோ தையல் மெசினோ எடுத்துக்கொடுக்கப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் எழுதட்டும்.